சிவனொளிபாத மலையில் ஓர் இரவு

சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, றப்பர் தோட்டங்கள் பலவற்றில் இருந்து, வானம் தெளிந்த காலை வேளைகளில் ஒரு கூரிய மலைச் சிகரத்தைக் காணலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைப் பார்த்து ஒரு கணம் கும்பிட்டுவிட்டு நிரையில் இறங்குவார்கள். அதுவே சிவனொளிபாத மலையாகும். இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் 2,243 மீற்றர் (7,359 அடி) உயரத்தில் அமைந்துள்ள இம்மலை, நான்கு சமயத்தவரும் போற்றும் அரிய தலமாக விளங்குகின்றது. உச்சிப் பாறையில் உள்ள பாதச் சுவட்டைச் சைவர்கள் சிவபெருமானின் திருவடி என்றும், பௌத்தர்கள் புத்தபெருமானின் ஸ்ரீ பாதம் என்றும், இஸ்லாமியர்கள் ஆதி பிதா ஆதம் நபியின் பாதம் என்றும் கருதுகின்றனர். கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் அதனைப் புனித தோமையாருடன் தொடர்புபடுத்துவர்.

இம்மலைக்குக் கடந்த பருவகாலத்தில் ஒன்பது பெண்களுடன் சென்று வந்தேன். அவர்களில் ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

பிறந்த மண்ணைத் தேடி வந்தவர்

அவர் இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது அவருக்கு ஆறு வயது. லயத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக வெளியேறினர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு மலையகத்தை விட்டுச் சென்ற குடும்பங்கள் பல, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறின. பாதுகாப்புத் தேடிச் சென்ற அதே வன்னி மண்ணிலேயே, பின்னர் போர் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இந்த அம்மாவும் 2009இல் தமது கணவரை இழந்தார். ஒரே ஒரு உடுதுணிப் பையுடன் முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

இத்தனை ஆண்டுகளின் பின், பிறப்புச் சான்றிதழின் பிரதி பெறுவதற்காகவே அவர் இரத்தினபுரிக்கு வந்து, சின்னம்மா மகளின் வீட்டில் தங்கியிருந்தார். "எங்க அம்மா சாகும்வரை அந்த மலைக்கு நேர்த்தி இருக்கு, நேர்த்தி இருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தா, பிள்ளை. நான் மேலே வராட்டியும் பரவாயில்லை. அடிவாரத்தில நின்று கும்பிட்டிட்டு வாறன்" என்றார். அவர் ஏன் "மேலே வராட்டியும்" என்றார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அரசன் கொடுத்த கிராமம்

மலையேறும் வழிகளில், இரத்தினபுரியில் இருந்து பலாபத்தல ஊடாகச் செல்லும் வழி பழைமையானது. நல்லதண்ணி வழியை விட நீளமானது, சிரமமானதும்கூட. பிற்பகல் பஸ்ஸில் புறப்பட்டோம். இடையில் கிலிமலே என்ற கிராமம் வந்தது.

இந்தச் சிறிய ஊர் மகாவம்சத்தில் இடம்பெற்றுள்ளது. பொலன்னறுவையை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன் (பதினோராம் நூற்றாண்டு), பாதத்தைத் தரிசிக்கக் கடினமான வழியில் செல்லும் யாத்திரிகர்கள் துன்புறக்கூடாது என எண்ணி, அவர்களுக்கு அன்னமிடுவதற்காக கிலிமலைக் கிராமத்தை மானியமாக வழங்கினான் என்று அந்நூல் கூறுகின்றது. வழிநடைப் பசிக்கு ஒரு கிராமத்தின் விளைச்சலையே ஒதுக்கியமை போற்றத்தக்கதாகும்.

எனினும் அதே மன்னனின் அம்பகமுவக் கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. பாதம் உள்ள மேல் முற்றத்துக்குக் கீழே, தாழ்ந்த குலத்தவர் எனக் கருதப்பட்டோர் நின்று வணங்குவதற்கென வேறொரு முற்றம் அமைக்கப்பட்டது. சோறு எல்லோருக்கும் கிடைத்தது. உச்சி எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாண மன்னனும் மொரோக்கோப் பயணியும்

இருட்டும் வேளையில் நடக்கத் தொடங்கினோம். இங்கு யாத்திரைக் குழுவை "நடே" என்பர். முதன்முறை ஏறுபவர்களுக்கு "கோடுகாரயோ" என்று பெயர். எங்கள் நடேயில் ஏழு பேர் கோடுகாரர்! ஏறுவோரும் இறங்குவோரும் ஒருவரையொருவர் வாழ்த்திச் செல்வர். சிங்கள யாத்திரிகர்கள் "கருணாவய்" என்று பாட, நாங்கள் "அரோகரா" என்றோம்.

இளைப்பாறும் இடங்களில் நான் வாசித்தறிந்த கதைகளைச் சொன்னேன். பெண்களுக்கு மிகவும் பிடித்தது இபின் பதூதாவின் கதையே. மொரோக்கோ நாட்டவரான இப்பயணி 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, புத்தளம் பகுதியில் யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதே தமது ஒரே விருப்பம் என்று அவர் சொல்ல, மன்னன் பல்லக்கு ஒன்றையும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் அவருடன் அனுப்பிவைத்தான். ஓர் இஸ்லாமியரின் யாத்திரைக்குச் சைவ மன்னன் ஒருவன் வழித்துணை கொடுத்திருக்கின்றான்.

மலைக்கு இரண்டு வழிகள் இருந்ததாகவும் இபின் பதூதா எழுதியுள்ளார். ஒன்று "பாபா" வழி, அதாவது ஆதமின் வழி. அது செங்குத்தானது. மற்றது "மாமா" வழி, அதாவது அன்னை ஏவாளின் வழி. அது இலகுவானது. ஆனால் இலகுவான வழியால் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கணிக்கப்படமாட்டாராம்.

இதைக் கேட்டதும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். "அந்தக் காலத்திலேயே பொம்பள போற வழின்னா சுலுவுன்னு நெனச்சிட்டாங்க பாருங்க! கூடையோட மலையேறிப் பாத்திருக்க மாட்டாங்க" என்றார். களைப்பெல்லாம் அந்தச் சிரிப்பில் பறந்தது.

கைமாறிய காவல்

இம்மலையின் பொறுப்பு காலத்துக்குக் காலம் கைமாறியுள்ளது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீண்டும் பௌத்த துறவிகளிடம் கையளித்தான். அவன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன் என்பது குறிப்பிடத்தக்கது. இன்றும் மார்கழிப் பௌர்ணமியில் ஆரம்பமாகும் யாத்திரைக் காலம் வைகாசி வெசாக் பௌர்ணமியுடன் நிறைவடைகின்றது. ஏனைய மாதங்களில் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளை கல்பொத்தாவெல விகாரையில் வைக்கப்படுகின்றது.

அரசர்கள் மாறினர், காவலர் மாறினர். ஆனால் சனங்கள் ஏறுவதை மட்டும் எவராலும் நிறுத்த முடியவில்லை.

நூலும் மணியும்

வழியில் ஓரிடத்தில் ஊசியில் நூல் கோத்து நீட்டிக் கட்டுவது முதன்முறை ஏறுவோரின் வழக்கம். புத்தபெருமான் தமது கிழிந்த சீவரத்தை அங்கு அமர்ந்து தைத்தார் என்பது ஐதீகம். ஆயிரக்கணக்கான வெள்ளை நூல்கள் புகார் போலப் படர்ந்திருந்தன. அம்மாவும் நூல் கோத்தார். கண் மங்கலாக இருந்ததால் மூன்றுமுறை தவறி, நான்காம் முறை கோத்துக் கட்டினார்.

அதிகாலை நான்கரை மணியளவில் உச்சியை அடைந்தோம். கடுங்குளிர். பாதத்தைத் தரிசித்தபின், எத்தனைமுறை மலையேறினோமோ அத்தனை தடவை அங்குள்ள மணியை ஒலிக்கச் செய்வது மரபு. எல்லோரும் ஒலித்தார்கள். அம்மா மட்டும் ஒதுங்கி நின்றார்.

"நீங்களும் அடியுங்கோ அம்மா."

"வேண்டாம் பிள்ளை. நல்ல நாளில நான் முன்னுக்கு நிற்கிறதில்லை. பொட்டு இல்லாதவள் அடிச்சா மற்றவைக்கு ஆகாது."

அடிவாரத்தில் நின்று கும்பிடுகிறேன் என்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. விஜயபாகு மன்னன் கட்டிய கீழ் முற்றம் என் நினைவுக்கு வந்தது. அது கல்லால் கட்டப்பட்டது. இந்த அம்மா தமக்குள்ளேயே ஒரு கீழ் முற்றத்தைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கின்றார். அதை அவர் தாமாகக் கட்டவில்லை. திருமண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிக் கொடுத்தது.

நான் என்ன சொல்வது என்று தடுமாறினேன். பின்னால் நின்ற வயதான சிங்களப் பெண்மணிக்கு எங்கள் பேச்சு விளங்கியதோ தெரியாது. அவர் சற்று விலகி இடம்விட்டு, "நங்கி, கஹன்ன" (தங்கச்சி, அடியுங்கள்) என்றார். கொழுந்து பறிக்கும் அக்காவும் சொன்னார்: "ஒங்க அம்மாவோட நேர்த்தி பெரியம்மா. அவங்களுக்காக அடிங்க."

அம்மா கயிற்றைப் பிடித்தார். ஒரு தடவை ஒலித்தது. சற்று நின்று, என்னைப் பார்த்தார். "இது அம்மாவுக்கு. எனக்கு ஒன்று அடிக்கலாமா?" என்று கேட்டார். இரண்டாவது தடவையும் ஒலித்தது.

சூரியன் உதித்ததும், மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்குத் திசையில், இரத்தினபுரிப் பக்கமாக விழுந்தது. தாம் பிறந்த தோட்டம் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். நிழல் விழுந்த திசையைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

செல்ல விரும்பும் சகோதரிகளுக்கு

குழுவாகச் செல்லுங்கள். பௌர்ணமி, வார இறுதி நாட்களில் நெரிசல் அதிகம். கம்பளி உடை, கைவிளக்கு, குடிநீர் அவசியம். இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். இறங்கும்போதே முழங்கால் அதிகம் நோகும், ஊன்றுகோல் உதவும். பொலித்தீன் பைகளை மலையில் போடாதீர்கள். மலையைச் சூழ்ந்த காடு 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்டதாகும்.

முடியாதவர்கள் ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கோயிலில், அயல்வீட்டுத் திருமணத்தில், கணவரை இழந்த சகோதரி ஒருவர் தூண் மறைவில் நின்றால், கையைப் பிடித்து முன்னுக்கு அழைத்து வாருங்கள். அதற்கு 7,359 அடி ஏறத் தேவையில்லை.

அடுத்த வாரம் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கிடைத்தது. பிறந்த இடம் என்ற கூட்டில் இருந்த தோட்டத்தின் பெயரை எங்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார். வன்னிக்குத் திரும்பும்போது, "வாற வருஷம் நான் கோடுகாரி இல்லை, மூன்று தரம் அடிப்பன்" என்று சொல்லிச் சென்றார். மணிக் கணக்கில் அது பிழைதான். நான் திருத்தவில்லை.