எவரெஸ்ட்டுக்கு ஏன் மே மாதம்?

1984 மே 23, பிற்பகல் 1 மணி 7 நிமிடம். பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார். அங்கே ஏறிய முதல் இந்தியப் பெண் அவர். 1997 மே 23 அன்று நம் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் அதே உச்சியை எட்டினார்கள். மலேசியர்களில் அவர்களே முதல்வர்கள். 2023 மே 23 அன்று முத்தமிழ்ச்செல்வி ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவர். ஆண்டுகள் வேறு, தேதி ஒன்று. சோதிடரிடம் போக வேண்டியதில்லை. இதற்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. அதன் ஒரு நுனி கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே தொடங்குகிறது.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பிற்பகலில் வானம் கறுத்து இடியோடு கொட்டுவது நமக்குப் பழகிப்போனது. மழை கீழே விழும் அதே நேரத்தில், சூடும் ஈரமும் நிறைந்த காற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பிப் போகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி உலகம் முழுக்க இப்படித்தான். மேலே போன காற்று வடக்கும் தெற்குமாகப் பிரிகிறது. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. எவரெஸ்ட் இருக்கும் 28 பாகையில் அந்த வேகம் சுமார் 1,475தான். வடக்கே போகும் காற்று நம் ஊர் வேகத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், அங்கே தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. இதுதான் தாரைக்காற்று: வானத்தில் குறுகலான பாதையில் கடுவேகமாக ஓடும் காற்று.

குளிர்காலத்தில் இந்தத் தாரைக்காற்றின் பாதை இமயமலை மீது கிடக்கும். எவரெஸ்ட் உச்சியில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான காற்று அடிக்கும். அந்தக் காற்றில் நிற்க முடியாது, படுத்தால்கூட ஆபத்து. மே மாதத்தில் திபெத் பீடபூமி வெயிலில் சூடேறுகிறது. தாரைக்காற்று வடக்கே விலகுகிறது. ஆனால் ஜூனில் பருவமழை வந்து மலையில் பனியைக் கொட்டிவிடும். காற்று விலகி, மழை வராத அந்த இடைவெளி சில நாள்கள்தான். பெரும்பாலும் அது மே மாதத்தின் பின்பாதியில் வருகிறது. 23 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. டென்சிங்கும் ஹிலாரியும் 1953 மே 29இல் ஏறினார்கள். உலகிலேயே எவரெஸ்ட்டைத் தொட்ட முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தாபெய் 1975 மே 16இல் ஏறினார். பதினொரு நாள் கழித்து, மே 27இல், திபெத்தின் பந்தோக் என்ற பெண் மலையின் மறுபக்கத்திலிருந்து ஏறினார்.

தாபெயைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் குழு பணம் கேட்டுப் போன இடங்களில், வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்க்கலாமே என்று அறிவுரை கிடைத்தது. அவர்கள் பழைய கார் இருக்கை உறைகளை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டு கிளம்பினார்கள். மே 4ஆம் தேதி பனிச்சரிவில் புதைந்து, நினைவிழந்து, ஷெர்ப்பாக்களால் தோண்டி எடுக்கப்பட்டவர், பன்னிரண்டாம் நாள் உச்சியில் நின்றார்.

பச்சேந்திரிக்கும் அதே கதைதான். மே 15 நள்ளிரவில், சுமார் 7,300 மீட்டர் உயரத்தில் லோட்சே சரிவில் இருந்த முகாம் மீது பனி சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவரின் பின்மண்டையில் கனமாக ஏதோ மோதியது. உடனிருந்தவர் சுவிஸ் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து அவரை வெளியே இழுத்தார். குழுவில் பலர் கீழே திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை. எட்டாம் நாள் உச்சி. மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்தது. துணிச்சலை எல்லாரும் பாராட்டிவிட்டார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருப்பது, அவ்வளவு உயரத்தில் மனித உடம்பு நடத்தும் வேலை.

கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சென்னைக்குப் பறக்கும்போது, முன்னிருக்கைத் திரை உயரம் 10,000 மீட்டருக்கு மேல் என்று காட்டும். எவரெஸ்ட் உச்சி அதற்குச் சற்றுக் கீழே, 8,848.86 மீட்டரில். விமானத்துக்குள் அழுத்தக் காற்றை நிரப்பி நம்மைக் காப்பாற்றுகிறார்கள். மலையேறுபவருக்கு அந்த வசதி இல்லை. ஆக்சிஜன் உருளையும் முகமூடியும் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. உச்சியிலும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒன்று. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் மூன்றில் ஒன்றுதான்.

அந்த மூன்றில் ஒன்றுகூட ஒரு சலுகை. பாடநூல் கணக்குப்படி அந்த உயரத்தில் அழுத்தம் 236 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். 1981 அக்டோபரில் கிறிஸ்டோபர் பிஸ்ஸோ என்ற மருத்துவர் உச்சியிலேயே கருவியை வைத்து அளந்தார். 253 என்று காட்டியது! வெப்பமண்டலத்துக்கு மேலே காற்று சூடாகிப் புடைத்து நிற்கிறது. துருவங்களுக்கு மேலே ஒடுங்கிக் கிடக்கிறது. எவரெஸ்ட் அந்தப் புடைப்பின் ஓரத்தில் நிற்கிறது. இதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால், முகமூடி இல்லாமல் அதில் ஏறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். கோடை நெருங்க நெருங்க இந்த அழுத்தம் இன்னும் கூடுகிறது. கடுங்குளிருக்கும் நடுக்கோடைக்கும் உள்ள வேறுபாடு, மலையின் உயரத்தில் சில நூறு மீட்டரைக் குறைத்ததற்குச் சமம். மே மாதம் காற்றின் வேகத்தையும் குறைக்கிறது, மூச்சையும் கூட்டுகிறது.

அப்படியும் எவ்வளவு பற்றாக்குறை என்று பார்க்க, ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் குழு தங்கள் ரத்தத்தையே சோதித்தது. தேதி? மறுபடியும் மே 23, ஆண்டு 2007. உச்சியில் காற்றும் குளிரும் விடவில்லை. கொஞ்சம் இறங்கி 8,400 மீட்டரில், இறகு உடுப்பைத் திறந்து, தொடைத் தமனியில் ஊசி போட்டு நான்கு பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். ஷெர்ப்பா ஒருவர் அதை இரண்டு மணி நேரத்துக்குள் 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு இறக்கினார். நமக்குத் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். அவர்களுக்குச் சராசரி 24.6. ஒருவருக்கு 19.1. இந்த எண்ணோடு கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றுக்கு யாராவது வந்தால், நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுதான். அவர்களோ நினைவோடு இருந்து ஊசி போட்டார்கள்.

கடல்மட்டத்திலிருந்து ஒருவரைத் திடீரென உச்சியில் இறக்கிவிட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். வாரக்கணக்கில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு அப்படி ஆவதில்லை. முதலில் மூச்சு வேகமாகிறது. அதனால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தம் காரத்தன்மை கொள்கிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தைச் சிறுநீரில் கழித்து ஈடுகட்டுகிறது. அதே சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்ப, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. விளைவு திகைக்க வைப்பது: அந்த 2007 சோதனையில், 7,100 மீட்டர் வரைக்கும் ரத்தம் சுமந்த மொத்த ஆக்சிஜன் கடல்மட்ட அளவுக்குக் குறையவே இல்லை. இதற்கும் விலை உண்டு. சிவப்பணு பெருகப் பெருக ரத்தம் கெட்டியாகிறது, உறையும் ஆபத்து கூடுகிறது.

இந்தப் பழக்கத்தை அவசரப்படுத்த முடியாது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலைக்குப் போகிறவர்கள் சுமார் 3,270 மீட்டரில் உள்ள லாபான் ராத்தாவில் ஓர் இரவு தங்குகிறார்கள். அந்த ஓர் இரவு எல்லாருக்கும் போதாது. அங்கே கடும் தலைவலியும் குமட்டலும் தடுமாற்றமும் வந்தால், கட்டிய பணத்தை நினைத்து மேலே ஏறாதீர்கள். உடனே கீழே இறங்குங்கள்.