ஒரே கணனி, மூன்று திரைகள்: காசு கொடுக்குமுன் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்

அண்மைக் காலமாக எமது திகன பஜாரில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றார்கள். வீட்டில் மகன் விளையாட்டுக்கென வாங்கிய கேமிங் கணனி ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டாவது மொனிட்டர் வேண்டும், மூன்றாவது மொனிட்டர் வேண்டும் என்று மகன் கேட்கிறான். விற்பனைக் கடையில் விசாரித்தால், "இந்தக் கணனியில் முடியாது, பெரிய கார்ட் போட வேண்டும், அல்லது புதிய கணனிதான் எடுக்க வேண்டும்" என்கிறார்கள். இது உண்மையா, நானா?

இன்னொரு பக்கம், அதே முதலாளியின் கடையிலும் திரைப் பஞ்சம். பில் போடும் நேரத்தில் கையிருப்பைப் பார்க்க முடிவதில்லை. கையிருப்பைப் பார்க்கும் நேரத்தில் வட்ஸ்அப்பில் வந்த ஓடர் கண்ணில் படுவதில்லை. ஒன்றை மூடி மற்றொன்றைத் திறப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்.

எனது ஹாட்வெயார் கடையில் சில வருடங்களாக ஒரே கணனியில் மூன்று திரைகளை வைத்து வேலை செய்து வருகின்றேன். நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். பாடசாலைப் படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவன். ஆயினும் காசு கொடுத்து வாங்கும் பொருளை விளங்கி வாங்க வேண்டும் என்பது எனது பழக்கம். அவ்வாறு விளங்கிக்கொண்டதை இந்த வாரம் எழுதுகின்றேன்.

இது புதிய வித்தை அல்ல

ஒரு கணனியில் பல திரைகளை இணைப்பது நேற்று வந்த விடயமல்ல. 1998இல் வந்த விண்டோஸ் 98லேயே இந்த வசதி இருந்தது. 1999இல் கனடாவின் மெட்ரொக்ஸ் நிறுவனம் ஒரே கார்ட்டில் இரண்டு திரைகளுக்கு வழி செய்தது. 2002இல் அதே நிறுவனம் மூன்று திரைகளை வரிசையாக வைத்து விளையாடும் வசதியைக் கொண்டுவந்தது. 2009இல் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே கார்ட்டில் ஆறு திரைகள் வரை இணைக்கும் முறையை அறிமுகப்படுத்தியது. அடுத்த வருடம் என்விடியாவும் தனது முறையுடன் சந்தைக்கு வந்தது.

கார் ஓட்டும் விளையாட்டுக்கும் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கும் முன்னால் மட்டுமன்றி இரு பக்கமும் தெரிய வேண்டும் என்று விளையாடுவோர் விரும்பினார்கள். அவர்களுக்காக உற்பத்தியானதைத்தான் இன்று நாம் சாதாரண விலையில் கடைக்குப் பயன்படுத்தக் கூடியதாக இருக்கிறது. ஆகவே கேமிங் கணனி என்றவுடன் "பிள்ளைகளின் வீண் செலவு" என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. எமது கடைக் கணனியைவிடக் கூடுதலான திரைகளைத் தாங்கும் சக்தி அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சக்திக்கு ஒருமுறை காசு கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது முறையும் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பெட்டியின் பின்புறம்

கணனிப் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். திரை வயர் செருகும் துவாரங்கள் இரண்டு இடங்களில் இருக்கும். மேற்பகுதியில், மௌஸ், கீபோர்ட் செருகும் துவாரங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை மதர்போர்ட்டுக்கு உரியவை. அதற்குக் கீழே, படுக்கையாக ஒரே வரிசையில் இருப்பவை கிரபிக்ஸ் கார்ட்டுக்கு உரியவை. கேமிங் கணனியில் திரைகளை இணைக்க வேண்டியது கீழே உள்ள இந்த வரிசையில்தான்.

இந்த ஒரு விடயம் தெரியாமல் எத்தனையோ பேர் அலைகின்றார்கள். இன்டெல் புரொசசர்களில் இலக்கத்துக்குப் பின்னால் 'எஃப்' எழுத்து உள்ளவற்றில் உள்ளக கிரபிக்ஸ் கிடையாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்றவற்றிலும் இல்லை. அப்படியான கணனியில் மேலே உள்ள துவாரத்தில் வயரைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். எனக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவருக்கு, "கார்ட் பழுது, மாற்ற வேண்டும்" என்று ஒரு கடையில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தபோது இரண்டாவது திரையின் வயர் மதர்போர்ட்டில் செருகப்பட்டிருந்தது. கழற்றிக் கீழே மாற்றினோம், திரை எரிந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

இன்றைய கிரபிக்ஸ் கார்ட்களில் பெரும்பாலும் மூன்று டிஸ்பிளே போர்ட்டும் ஒரு எச்.டி.எம்.ஐ. துவாரமும் இருக்கும். அப்படியானவற்றில் ஒரே நேரத்தில் நான்கு திரைகளை இயக்கலாம். பழைய, விலை குறைந்த கார்ட்களில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். முதலில் எண்ணிப் பாருங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

வயரில் ஏமாறாதீர்கள்

சந்தையில் 'ஸ்பிளிட்டர்' என்று ஒரு சிறிய பெட்டியை விற்கிறார்கள். ஒரு எச்.டி.எம்.ஐ. துவாரத்தை இரண்டாக்கும் என்பார்கள். இரண்டு திரையிலும் படம் வரும் என்பது உண்மை. ஆனால் ஒரே படம்தான் இரண்டிலும் வரும். ஒன்றில் பில்லும் மற்றதில் கையிருப்பும் பார்க்க அது உதவாது.

மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்து, கார்ட்டில் டிஸ்பிளே போர்ட் மட்டும் மிஞ்சியிருந்தால் கவலை இல்லை. டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரண வயர் போதும். அதே வயரை மறுபக்கமாக, அதாவது எச்.டி.எம்.ஐ. துவாரத்திலிருந்து டிஸ்பிளே போர்ட் மொனிட்டருக்குப் போட்டால் வேலை செய்யாது. அதற்கு விலை கூடிய வேறு கருவி தேவை. வயர் வாங்கும்போது எந்தப் பக்கம் கணனி, எந்தப் பக்கம் மொனிட்டர் என்று சொல்லி வாங்க வேண்டும்.

யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகி எச்.டி.எம்.ஐ. எடுக்கும் கருவியும் இருக்கிறது. பில்லுக்கும் கணக்குக்கும் அது தாராளமாகப் போதும். விளையாட்டுக்குச் சரிவராது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

வயர்களைச் செருகிய பின், விண்டோஸ் விசையையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். 'டுப்ளிகேட்' என்றும் 'எக்ஸ்டென்ட்' என்றும் தெரிவுகள் வரும். டுப்ளிகேட் என்றால் எல்லாத் திரையிலும் ஒரே காட்சி. எக்ஸ்டென்ட் என்றால் ஒவ்வொரு திரையும் தனித்தனி மேசை. எமக்குத் தேவை எக்ஸ்டென்ட்.

பிறகு வெற்றுத் திரையில் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' செல்லுங்கள். 1, 2, 3 என்று கட்டங்கள் தெரியும். மேசையில் திரைகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றனவோ அதே ஒழுங்கில் கட்டங்களை இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மௌஸ் இடப்பக்கம் போக வேண்டிய நேரத்தில் வலப்பக்கம் போகும். நேரே முன்னால் இருக்கும் திரையைப் பிரதான திரையாகக் குறியுங்கள். ஒரு சாளரத்தை அடுத்த திரைக்குத் தள்ள, விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்தினால் போதும்.

கேமிங் மொனிட்டர் 144 ஹேர்ட்ஸ் என்று காசு கொடுத்திருப்பீர்கள். விண்டோஸ் அதைச் சில வேளை 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். 'அட்வான்ஸ்ட் டிஸ்பிளே' பகுதியில் போய் 144ஐத் தெரிவு செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

புதிய கார்ட் எப்போது தேவை?

இங்கேதான் விற்பவர் சொல்வதில் எது உண்மை, எது வியாபாரம் என்று பிரித்தறிய வேண்டும். சாதாரண முழு எச்.டி. திரை ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் இருக்கின்றன. மகன் நடுத் திரையில் மட்டும் விளையாடிக்கொண்டு, பக்கத் திரைகளில் வட்ஸ்அப்பும் யூடியூப்பும் வைத்திருந்தால் கார்ட்டுக்குக் கூடும் சுமை மிகக் குறைவு. இருக்கும் கார்ட் போதும்.

விளையாட்டே மூன்று திரைகளிலும் விரிந்து ஓட வேண்டுமானால் கதை வேறு. ஒவ்வொரு காட்சிக்கும் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கார்ட் வரைய வேண்டும். சுமை மூன்று மடங்கு. அதற்குப் பலமான கார்ட் தேவை என்பது நியாயமான பேச்சுத்தான். அவ்வாறு விளையாட மூன்று மொனிட்டர்களும் ஒரே அளவாக, ஒரே மாதிரியாக இருப்பதும் நல்லது. ஆகவே மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "விளையாட்டு ஒரு திரையிலா, மூன்று திரையிலா?" அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது உங்கள் செலவு.

ஒரு திரையில்தான் என்றால், பக்கத் திரைகளுக்கு 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வேண்டியதில்லை. சாதாரண 60 அல்லது 75 ஹேர்ட்ஸ் போதும். அலுவலகங்களில் பாவித்த நல்ல மொனிட்டர்களும் சந்தையில் கிடைக்கின்றன. வாங்கும்போது முழு வெள்ளை, முழுக் கறுப்புக் காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். இறந்த புள்ளிகளும் கறைகளும் அப்போது தெரியும். பின்புறத்தில் 75 அல்லது 100 மில்லிமீற்றர் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் சுவரிலோ கையிலோ பொருத்தி மேசையில் இடத்தை மிச்சம் பிடிக்கலாம்.

2022இல் எமது ரூபா டொலருக்கு 200 அளவிலிருந்து 360ஐத் தாண்டி விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரி முதல் வெட் வரி 18 சதவீதம். இறக்குமதிப் பொருளில் தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு ரூபாவும் கடை முதலிலிருந்து போகிறது. சொல்லும் விலை வரியுடனா, வரண்டி எத்தனை வருடம், வரண்டி தருவது இறக்குமதியாளரா கடைக்காரரா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மின்சாரம்

24 அங்குல மொனிட்டர் ஒன்று ஏறத்தாழ 25 வாட் எடுக்கும். இரண்டு மொனிட்டர்களை மேலதிகமாக நாளுக்கு 10 மணித்தியாலம் எரித்தால் அரை யுனிட், மாதத்துக்கு 15 யுனிட். இது பாரமல்ல. பாரம் கிரபிக்ஸ் கார்ட்டில்தான் இருக்கிறது. சிறிய 650 வி.ஏ. யு.பி.எஸ். ஏறத்தாழ 350 வாட் அளவே தாங்கும். விளையாட்டு ஓடும் கணனியையும் மூன்று திரைகளையும் அதில் மாட்டினால், மின் தடைப்பட்ட அதே நிமிடம் யு.பி.எஸ்.உம் விழுந்துவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். கணனியையும் பிரதான திரையையும் மட்டும் யு.பி.எஸ்.இல் வைத்து, பக்கத் திரைகளை நேரடி மின்னில் விடுங்கள். எமது மலைநாட்டில் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் கடுமை. கடை மூடும்போது பிளக்கைக் கழற்றிவிட்டுப் போவதே நல்ல காப்புறுதி.

கடைக்குப் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

எனது ஒழுங்கு இதுதான். நடுவில் பில். வலப்பக்கம் கையிருப்பும் வட்ஸ்அப்பும். மூன்றாவது திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும், அதில் அவருடைய பொருட்களும் மொத்தத் தொகையும் மட்டும் தெரியும். விலையில் தர்க்கம் குறைந்துவிட்டது.

இந்த மூன்றாவது திரையில் மிகுந்த அவதானம் வேண்டும். அதை டுப்ளிகேட்டில் விட்டால், நீங்கள் கடன் கணக்கைத் திறக்கும்போது யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை முன்னால் நிற்கும் எல்லோரும் வாசிப்பார்கள். கடன் புத்தகம் என்பது மற்றவரின் மானம். எம்மை நம்பித் தரப்பட்ட அமானிதம் அது. வாடிக்கையாளர் பக்கத் திரை எப்போதும் எக்ஸ்டென்ட்டில்தான் இருக்க வேண்டும்.

கமராவுக்கென்று கணனித் திரையொன்றை ஒதுக்க வேண்டியதில்லை. சி.சி.ரி.வி. பதிவுப் பெட்டிக்கே சொந்த எச்.டி.எம்.ஐ. துவாரம் உண்டு. அதைப் பழைய மொனிட்டர் ஒன்றில் நேரடியாக மாட்டுங்கள். கணனி நின்றாலும் கமரா நிற்காது.

கடைசியாக ஒன்று. பகலில் கணக்கு, இரவில் விளையாட்டு என்று ஒரே கணனியைப் பாவிக்கப் பலர் விரும்புகின்றார்கள். திரைகளைப் பகிரலாம். மொனிட்டரில் இரண்டு துவாரங்கள் இருப்பதால் ஒன்றில் கடைக் கணனியையும் மற்றதில் கேமிங் கணனியையும் மாட்டிப் பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம். கணக்கைப் பகிராதீர்கள். இலவசமாக இறக்கும் களவு விளையாட்டுகளோடு வைரஸும் வருகிறது. ஒரே இரவில் கணக்கு முழுவதும் பூட்டப்பட்டுவிடலாம். வேறு வழியே இல்லையென்றால், கணக்கின் பிரதியொன்றைத் தினமும் வேறு டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். 2018 மார்ச்சில் எமது திகனயிலும் சுற்றூர்களிலும் கடைகள் எரிக்கப்பட்டன. கணக்கைக் கடைக்குள் மட்டும் வைத்திருப்பது எத்தகைய ஆபத்து என்பதை எமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டிக்குப் பஸ் ஏறுமுன் கணனியின் பின்புறத்தையும் மொனிட்டரின் பின்புறத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படத்தைக் காட்டி, "இதில் மிஞ்சியிருக்கும் துவாரத்துக்கு எந்த வயர் வேண்டும்?" என்று கேளுங்கள். வயரோடு முடியும் வேலைக்குக் கணனி வாங்க வேண்டியதில்லை. யு.பி.எஸ். தெரிவு செய்வது பற்றிச் சிலர் கேட்டிருக்கின்றார்கள். இன்ஷா அல்லாஹ், அதை அடுத்த வாரம் பார்ப்போம்.