அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே?

ஜவ்வாது மலை ஒன்றுதான். நிர்வாகக் கணக்கில் அது மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில், அல்லேரி வேலூரில். மருத்துவக் காப்பீடு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை லட்சம்?’ என்பதைத்தான். மலையில் வாழ்பவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த ஆஸ்பத்திரியில், எந்த நோய்க்கு இந்தப் பணம் செல்லும்? எந்தக் காப்பீடானாலும் ரொக்கம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி, பெரும்பாலும் அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளை நம்பித்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி இரவில் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருந்தால், அட்டையில் அச்சிட்ட தொகையால் அந்த இரவில் பயனில்லை.

மலைவாழ் குடும்பங்களில் பலவற்றுக்கும் கையில் இருக்கக்கூடியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைதான். இந்தத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை சொந்த மாவட்டத்தில்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜமுனாமரத்தூர்க்காரருக்கு வேலூர்ப் பக்கம் இறங்குவது சுலபமென்றால் அங்கே உள்ள பட்டியல் மருத்துவமனைக்கே போகலாம். ஆனால் ஒரு மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதால் எல்லா நோய்க்கும் அங்கே அட்டை செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. அனுமதி துறைவாரியாகத் தரப்படுகிறது. எலும்பு முறிவுக்கு அட்டையை ஏற்கும் இடம் இதய அறுவை சிகிச்சைக்கு ஏற்காமல் போகலாம். ‘எங்களிடம் காப்பீடு உண்டு’ என்று வாசலில் எழுதியிருப்பதைப் பார்த்ததோடு நிற்காமல், இந்தச் சிகிச்சைக்கு உண்டா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசமாயிற்றே, பட்டியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அது சரி. பெரிய அறுவை சிகிச்சைக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரும்போதுதான் பட்டியலின் அருமை தெரியும். உயிர் போகும் நேரத்தில் யார் பட்டியல் பார்ப்பார்கள் என்பது அதைவிட வலுவான கேள்வி. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாமல் மருத்துவமனை சேருமுன்பே இறந்தது. எந்த அட்டையும் அங்கே உதவியிருக்காது, தேவைப்பட்டது சாலை. அந்தக் கடமையிலிருந்து காப்பீட்டைக் காட்டி அரசு விலகிக்கொள்ள முடியாது. அவசரத்தில் அருகிலுள்ள இடத்துக்கே ஓட வேண்டும். அடுத்துக் கீழே எங்கே கொண்டுபோவது என்பதை மட்டும் குடும்பம் முன்பே தீர்மானித்து வைத்திருக்கலாம். சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. பாம்புக்கடி அதில் வராது.

தனியார் பாலிசி எடுப்பவர்களிடம், இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கிடைக்கும் என்று முகவர்கள் சொல்கிறார்கள். 2024 ஜனவரியில் அப்படி ஓர் ஏற்பாடு வந்தது உண்மை. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: அவசர அனுமதியானால் 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்; திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊர்களுக்கு இது சின்ன நிபந்தனை அல்ல. பாலிசியில் இன்னொரு பட்டியலும் இருக்கும்: நிறுவனம் விலக்கி வைத்த மருத்துவமனைகள். அங்கே போனால், உயிருக்கு ஆபத்தான நிலையிலோ விபத்திலோ, நோயாளியின் நிலை சீராகும்வரையான செலவு மட்டுமே கிடைக்கும். பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தர உரிமை உண்டு. போளூர், திருப்பத்தூர், வேலூர் என்று உங்கள் மலைப்பாதை இறங்கும் ஊர்களைப் பட்டியலில் தேட அந்த நாட்களைப் பயன்படுத்துங்கள்.

அரசு அட்டையை ஏற்றுக்கொண்ட பிறகு, அனுமதித்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால், கட்டிவிட்டுப் புலம்ப வேண்டாம். அதே 1800 எண்ணிலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம். கட்டிய ரசீது கையில் இருக்கட்டும். தனியார் நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.