ஆறு ஊதிய உலை

கொல்லைப்புறக் குழாயில் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு விளையாட்டு செய்து பார்க்கலாம். ரப்பர் குழாயின் வாயை வாளித் தண்ணீருக்குள் முக்கி வைத்தால் சத்தமே இல்லாமல் நிறையும். அதையே ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்தால் களகளவென்று இரைச்சல். தாரை விழுகிற இடம் பால்போல வெளுத்துவிடும். குனிந்து உற்றுப் பார்த்தால் அந்த வெளுப்பு முழுக்கக் குமிழி. தாரையோடு சேர்ந்து வாளியின் அடிவரை இறங்கி, அங்கே முட்டி, ஓரமாகப் பிரிந்து, அப்புறம்தான் மேலே வருகின்றன. சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். நாற்பது வயதைத் தாண்டித்தான் ஒருநாள் எனக்கு உறைத்தது: மேலே போகப் பிறந்த காற்று எதற்காகக் கீழே போகிறது?

தண்ணீருக்குள் காற்றுக் குமிழி ஏறும் வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. சில மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழி ஒரு வினாடிக்கு ஓரடிகூட ஏறாது. தாரை அதைவிட வேகமாக இறங்கினால் குமிழிக்கு வேறு வழியில்லை. வெள்ளத்தை எதிர்த்து நீந்துகிறவன் கையையும் காலையும் அடித்துக்கொண்டே பின்னால் இழுபட்டுப் போவானே, அப்படி ஏறிக்கொண்டே இறங்குகிறது. இறங்க இறங்க மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் அதன்மேல் ஏறுகிறது. பாரம் ஏற ஏறக் குமிழி சுருங்குகிறது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

உலகத்தில் முதல் அருவி விழுந்த நாளிலிருந்து இது நடந்துகொண்டிருக்கிறது. அருவியின் அடியில் இருக்கும் மடுவில் மீன்கள் மூச்சுவிடுவது இந்தக் குமிழிகளின் தயவாலும்தான். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, எண்ணெய் போட வேண்டிய அச்சு ஒன்றுகூட இல்லை. காற்றை அழுத்தும் இயந்திரத்தை, படைத்தவன் எப்போதோ செய்து மலைக்கு மலை வைத்துவிட்டான். நமக்கு அதைப் பார்க்கத் தெரிவதற்குத்தான் காலம் பிடித்தது.

பார்த்தவர்களில் முன்னோடிகள் இத்தாலியர்கள். 16-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து ஜாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா, விழும் தண்ணீரால் காற்று ஊதும் அமைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் இதைத் தினப்படி வேலைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்கள், பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே கிடக்கும் பிரனீஸ் மலைகளின் கொல்லர்கள். அங்கே 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இரும்பு உருக்கும் கட்டலான் உலைகளில் துருத்தியின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. பெயர் ‘டிராம்ப்’.

அமைப்பைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். மலைச்சரிவில் ஓடையைத் திருப்பி மேலே ஒரு தொட்டியில் நிரப்புவார்கள். தொட்டியின் அடியிலிருந்து, குடைந்தெடுத்த மரத்தண்டு ஒன்று செங்குத்தாகக் கீழே இறங்கும். தண்டின் மேற்பகுதியில் சாய்வாகச் சில ஓட்டைகள். தண்ணீர் குறுகிய வாய் வழியாக வேகமாக உள்ளே விழும்போது அந்த ஓட்டைகள் வழியே வெளிக்காற்றையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். கீழே மூடிய பெட்டி ஒன்று. பெட்டிக்குள் ஒரு கல். விழுந்த தண்ணீர் கல்லில் அடிபட்டுச் சிதறும், காற்று பிரியும். தண்ணீர் அடியில் இருக்கும் வழியாக வெளியேறும். காற்றுக்கோ மேலே ஒரே ஒரு குழாய்தான் வழி. அந்தக் குழாயின் மூக்கு நேராக உலைக்கரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

துருத்திக்கு ஒரு குறை உண்டு. அது மூச்சு விடுவதுபோல ஊதும், நிறுத்தும், மறுபடி ஊதும். கூடவே ஓர் ஆள் இழுத்துக்கொண்டே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சக்கரம் சுற்ற வேண்டும். மரத்தண்டு அப்படியில்லை. ஓடை வற்றாதவரை ஒரே சீராக, இரவும் பகலும் ஊதிக்கொண்டிருக்கும். தீ தணிய வேண்டுமானால் மேல்தொட்டியின் அடைப்பைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அதே கால்வாய்த் தண்ணீர் பக்கத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பெரிய சம்மட்டியையும் தூக்கிப் போட்டது. அண்டோரா நாட்டில் லா மஸ்ஸானா என்ற ஊரில் 1876 வரை எரிந்த ஃபார்கா ரோஸ்ஸெல் என்ற உலைக்கூடத்தை இன்றும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கொட்டகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஐம்பூதங்கள்தான் ஞாபகம் வரும். தண்ணீர் விழுகிறது, காற்று எழுகிறது, நெருப்பு சிவக்கிறது, மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கல் இரும்பாக இளகுகிறது. ஐந்தாவதான வானம் மலையுச்சியில் பனியைக் கொட்டி அந்த ஓடையையே அனுப்பிவைக்கிறது. ஒன்றோடொன்று பகை என்று நாம் சொல்லும் நீரும் நெருப்பும் அங்கே ஒரே குடித்தனம் நடத்தின.

பொறியாளர்களிடம் இதற்கு நல்ல பெயர் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. தண்ணீர்த் துளிகளையும் சேர்த்து ஊதுகிறது, காற்று ஈரமாக வருகிறது என்று குறைபட்டார்கள். நியாயமான குறைதான். இந்த ஈரத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் ஆல்ப்ஸ் மலையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி ரயில் சுரங்கத்தை 1857-இல் தோண்டத் தொடங்கினார்கள். நீராவி இயந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையிலேயே ஆட்கள் மூச்சுமுட்டிப் போவார்கள். ஜெர்மேன் சோமெய்யே என்ற பொறியாளர் மலையருவித் தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பாயவிட்டு, அந்த மோதலால் காற்றை நசுக்கி, அழுத்தக் காற்றில் ஓடும் துளைப்பான்களை 1861-இல் வேலைக்கு விட்டார். 1870 டிசம்பரில் இரு பக்கச் சுரங்கங்களும் சந்தித்தன. மறு வருடம் திறப்பு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு சோமெய்யே காலமானார். பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே தண்ணீரை மனிதன் சம்மட்டியாகப் பிடித்து அடித்தான். வால்வுகள் இடைவிடாமல் திறந்து மூட வேண்டியிருந்தது. பிரனீஸ் கொல்லன் தண்ணீரை அதன் இஷ்டத்துக்கு விழவிட்டான். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது.

அந்த இரண்டாவது வழிக்கு ஆழம் தந்தவர் கனடாக்காரர், சார்லஸ் ஹேவ்லாக் டெய்லர். கியூபெக்கில் ஒரு குளிர்காலத்தில் அணை ஒன்றின் கீழே உறைந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அணையைத் தாண்டி விழுந்த தண்ணீர் குமிழிகளைப் பனிக்கட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வெளியேற வழியில்லாத காற்று அங்கே திரண்டு, பனிக்கட்டியைக் கீழிருந்து நெம்பியிருந்தது. ஓர் ஓட்டை போட்டதும் காற்று சீறிக்கொண்டு வந்தது என்று சொல்கிறார்கள். எத்தனையோ பேர் அந்தப் பனிமேல் நடந்து போயிருப்பார்கள். காலடியில் ஆறு அடைத்துவைத்திருந்த காற்று ஒருவர் கண்ணில்தான் பட்டது.

டெய்லருக்குப் புரிந்த நுட்பம் இது: அருவி உயரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீரையும் குமிழியையும் பூமிக்குள் ஆழமாக இறக்கி, மறுபடி மேலே ஏறவிட்டால் போதும். கிணற்றின் ஆழம் அழுத்தத்தைக் கொடுக்கும். அருவியின் சின்ன உயரம் ஓட்டத்தைக் கொடுக்கும். 1896-இல் கியூபெக்கின் மேகாக் ஊரில் ஒரு பருத்தி ஆலைக்காக, ஏறக்குறைய 130 அடி ஆழக் கிணறு தோண்டி முதல் அமைப்பைக் கட்டினார்.

அவர் பெயரை நிலைக்கவைத்தது ஒன்டாரியோவில் உள்ள ரேகட் ஷூட்ஸ். மான்ட்ரியல் என்ற பெயருள்ள ஓர் ஆறு அங்கே பாறைகளில் முட்டிமோதி இறங்குகிறது (அதே பெயருள்ள நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை). பக்கத்துக் கோபால்ட் ஊரில் 1903-இல் வெள்ளி கிடைத்து, சுரங்கங்கள் காளான்போல முளைத்தன. துளைப்பான்களுக்கு அழுத்தக் காற்று வேண்டும். அதற்கு நிலக்கரி எரித்தால் அந்த வடகோடிக்குக் கரி கொண்டுவரும் கூலியே சுரங்கத்தைத் தின்றுவிடும். ஆறோ சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

1910-இல் வேலை முடிந்தது. ஆற்றின் மேல்மட்டத்தில் தண்ணீர் குழாய்க்கொத்துகள் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டு 351 அடி ஆழக் கிணற்றில் பாய்கிறது. அடியில் பாறையைக் குடைந்த சுரங்கம், ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம். அகலமான அந்த இடத்தில் தண்ணீர் நிதானமாகிறது. அதுவரை இழுபட்டு வந்த குமிழிகளுக்கு அப்போதுதான் மேலேற வழி கிடைக்கிறது; ஏறிக் கூரையடியில் சேர்கின்றன. தண்ணீர் மறுமுனையில் 298 அடி உயர்ந்து அருவிக்குக் கீழே ஆற்றில் கலக்கிறது. இறங்கியதற்கும் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம் ஐம்பதடிச் சொச்சம். வேலை அத்தனையையும் செய்தது அந்த ஐம்பதடிதான். கூரையடியில் சேர்ந்த காற்றின்மேல் முந்நூறடித் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு சுமார் 120 பவுண்டு அழுத்தம்.

மேலே ஒரு பட்டாணி அளவில் உள்ளே நுழைந்த குமிழி, அரை நிமிடத்துக்குள் அடியை அடையும்போது மிளகு அளவாகிவிடும். கொள்ளளவில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த மிளகுகள் கோடிக்கணக்கில் திரண்டு, இருபது அங்குல இரும்புக் குழாயில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பயணம் செய்து, கோபால்ட்டின் பாறைகளைத் துளைத்தன. சுரங்கங்கள் காற்றைக் குறைவாக எடுத்த நேரங்களில் அடியில் காற்று பெருகித் தண்ணீரைக் கீழே தள்ளும். அங்கே இறக்கியிருந்த ஒரு வடிகுழாயின் வாய் வெளிப்பட்டதும் காற்றும் தண்ணீருமாகச் சேர்ந்து பூமிக்கு மேலே நூறடியையும் தாண்டி ஊற்றாகச் சீறும். கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு பொறியும் வைக்காமலே அது தன்னைத் தானே காத்துக்கொண்டது. 1981 வரை ஓடியது. அந்த எழுபது வருடத்தில் பராமரிப்புக்காக நிறுத்தியது இரண்டே முறை என்கிறார்கள்.

இதில் என் மனதை மிகவும் தொட்டது சூட்டின் கணக்கு. சைக்கிள் பம்பை நாலு தடவை அழுத்திவிட்டு அடியைத் தொட்டால் சுடும். அழுத்தப்படும் காற்று சூடாவது இயல்பு. ரேகட் ஷூட்ஸ் அளவுக்கு ஒரே மூச்சில் அழுத்தினால் காற்றின் வெப்பம் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சாதாரண இயந்திரத்தில் இந்தச் சூட்டை ஆற்றுவதற்கே தனி ஏற்பாடு வேண்டும். சூடாக்கச் செலவான சக்தியும் வீண். ஆற்றிலோ ஒவ்வொரு குமிழியையும் சுற்றி எல்லாப் பக்கமும் குளிர்ந்த தண்ணீர். சூடு பிறந்த கணமே அதை வாங்கிக்கொள்கிறது. அத்தனையையும் வாங்கிய பிறகு ஆறு எவ்வளவு சூடாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் கைவைத்துக்கொண்டே அம்மா வேறு வேலையும் பார்ப்பதுபோல, தண்ணீர் காற்றைப் பிடிக்கிறது, சுமக்கிறது, நசுக்குகிறது, குளிர்விக்கவும் செய்கிறது.

விட்டுவைத்த ஈரத்தின் கதைக்கு வருகிறேன். முந்நூறடித் தண்ணீருக்கடியில் கிடந்த காற்றுதான் உலர்ந்த காற்று! அழுத்தம் கூடிய குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க முடியாது. அது அங்கேயே தண்ணீராக மாறிச் சுற்றியிருக்கும் தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு துளைப்பானில் அந்தக் காற்று விரியும்போது அதில் ஈரம் சொற்பம். வேறு இடங்களில் காற்று விரிந்து குளிர்ந்து, அதன் ஈரம் பனிக்கட்டியாகித் துளைப்பானின் வாயை அடைப்பது வழக்கமான தொல்லை. பிரனீஸ் கொல்லனுக்கு ஈரக்காற்றைக் கொடுத்த அதே தண்ணீர், ஆழமாகப் போனதும் காற்றைத் துடைத்து உலர்த்திக் கொடுத்தது.

சும்மா கொடுத்ததா என்றால், இல்லை. ஆறு தன் கூலியை எடுத்துக்கொண்டது. ஆக்ஸிஜன் நைட்ரஜனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எளிதாகத் தண்ணீரில் கரையும். அதனால் சுரங்கத்துக்குப் போன காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் சுமார் 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. மிச்சம் ஆற்றோடு போயிற்று. வெளியேறும் கிணற்றில் அந்தத் தண்ணீர் ஏற ஏறப் பாரம் குறையும். ஆழத்தில் கரைந்தது மறுபடி பொடிப்பொடிக் குமிழிகளாகப் பிரியும். மூடி திறந்த சோடாப் புட்டிபோல நுரைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று, தண்ணீர் அருவிக்குக் கீழே ஆற்றோடு சேர்ந்துகொள்ளும்.