கோவில்பட்டியில் இளையோர் வளைதடிப் பந்தாட்டம்

கோவில்பட்டியில் இளையோர் வளைதடிப் பந்தாட்டம் என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்துள்ள கோவில்பட்டி நகரிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறுவர்களுக்கு வளைதடிப் பந்தாட்டம் கற்பிக்கப்பட்டு, அவர்கள் படிப்படியாக மாவட்ட, மாநில, தேசிய அணிகளுக்கு அனுப்பப்படும் முறையைக் குறிக்கும். இவ்விளையாட்டு பொது வழக்கில் ஹாக்கி என்றே அழைக்கப்படுகிறது. தீப்பெட்டித் தொழிலுக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் பெற்ற கோவில்பட்டி, தமிழ்நாட்டு ஹாக்கியின் முக்கிய மையங்களுள் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் இங்கு பயிற்சி பெற்றவர்கள்.

பின்னணி

தமிழ்நாடு ஹாக்கியில் நீண்ட மரபு கொண்ட மாநிலம் ஆகும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் முனீர் சேட் இடம்பெற்றிருந்தார். 1975இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் வி. ஜே. பிலிப்ஸ் ஆடினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு வாசுதேவன் பாஸ்கரன் தலைமை தாங்கினார். முகமது ரியாஸ் 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளிலும், ஆடம் சிங்கிளேர் 2004 ஒலிம்பிக் போட்டியிலும் பங்கேற்றனர்.

அதன் பின்னர் பல ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டு வீரர்கள் இந்திய முதன்மை அணியில் நிலையான இடம் பெறவில்லை. ஆட்டத் தளத்தில் ஏற்பட்ட மாற்றம் இதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதுவரை எல்லா ஒலிம்பிக் போட்டிகளிலும் பதக்கம் வென்றுவந்த இந்தியா அப்போட்டியில் ஏழாம் இடத்தையே பெற்றது. செயற்கைத் தரை அமைக்கவும் பராமரிக்கவும் பெரும் பொருட்செலவு ஆகும் என்பதால், அது சில நகரங்களுக்கு மட்டுமே கிடைத்தது. பள்ளி மைதானங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் ஆடிய சிறுவர்கள் இதனால் பின்தங்கினர்.

மண் தரையும் செயற்கைத் தரையும்

இளம் வீரர்களின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இவ்விரு தளங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். மண் தரையில் பந்து சீராக உருளாது. கல்லிலோ மேட்டிலோ பட்டுத் துள்ளும். ஆகவே அத்தரையில் ஆடுபவர் பந்தை நிறுத்துவதிலும் தடியால் தன் கட்டுக்குள் வைத்திருப்பதிலும் தேர்ச்சி பெறுகிறார். செயற்கைத் தரையில் பந்து தாழ்வாகவும் மிக வேகமாகவும் செல்கிறது. அங்கு உடலைத் தாழ்த்தி ஓடுதல், பந்தை விரைந்து கடத்துதல், தடியைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைத் தடுத்தல் ஆகியவை இன்றியமையாதவை.

தண்டனை முனை அடியில் பயன்படும் இழுத்துச் சுண்டும் அடி செயற்கைத் தரையில்தான் முழுமையாகக் கைகூடும். மண் தரையில் மட்டும் வளர்ந்த ஒரு சிறுவன் பதினாறு வயதில் முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு வந்தால், அவன் கற்றவற்றுள் ஒரு பகுதியை மீண்டும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. தேசிய அளவிலான தேர்வுகள் பெரும்பாலும் இவ்வயதையொட்டியே நடைபெறுவதால் இந்தக் காலதாமதம் அவனது வாய்ப்பைப் பறித்துவிடக்கூடும். கோவில்பட்டியில் செயற்கைப் புல்தரை மைதானம் அமைக்கப்பட்டதன் முக்கியத்துவம் இதில்தான் உள்ளது.

வளர்ச்சிப் படிநிலைகள்

ஒரு சிறுவன் பள்ளி மைதானத்திலிருந்து இந்திய அணியை அடையும் பாதையைப் பின்வரும் படிநிலைகளாகப் பிரிக்கலாம்.

1. உள்ளூர்க் கழகமும் பள்ளியும்: கோவில்பட்டியில் பல ஆண்டுகளாகவே உள்ளூர் ஹாக்கிக் கழகங்கள் இயங்கி வருகின்றன. காலையும் மாலையும் நடைபெறும் பயிற்சிகளில் மூத்த வீரர்களே சிறுவர்களுக்குக் கற்பிப்பது வழக்கம். பழைய தடிகளும் காலணிகளும் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறுகின்றன.

2. விளையாட்டு விடுதி: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இது மாநிலத்தின் பல நகரங்களில் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வுப் போட்டிகள் மூலம் தெரிவு செய்யப்படும் மாணவர்களுக்கு உணவு, தங்குமிடம், கல்வி, பயிற்சி ஆகியவை வழங்கப்படுகின்றன. கோவில்பட்டியில் ஹாக்கிக்கெனத் தனிச் சிறப்பு விடுதி உள்ளது. வெளி மாவட்ட மாணவர்களும் இங்கு தங்கிப் பயில்கின்றனர்.

3. மாநில வயதுப் பிரிவு அணிகள்: 2009இல் அமைக்கப்பட்ட ஹாக்கி இந்தியா அமைப்பு துணை இளையோர், இளையோர், முதியோர் என்ற பிரிவுகளில் தேசியப் போட்டிகளை நடத்துகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் மாநில அணி தெரிவு செய்யப்படுகிறது. தேசியத் தேர்வாளர்கள் இளம் வீரர்களை முதலில் கவனிப்பது இப்போட்டிகளில்தான். 2018இல் தொடங்கிய கேலோ இந்தியா போட்டிகளும் இவ்வகையில் உதவுகின்றன. இதன் இளையோர் போட்டிகள் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்றன.

4. நிறுவன அணிகள்: பள்ளி, கல்லூரிப் பருவத்தைக் கடந்த வீரர்கள் தென்னக இரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல்துறை போன்ற நிறுவனங்களின் அணிகளில் இடம்பெற முயல்கின்றனர். சென்னையில் நடைபெறும் கழக அளவிலான லீக் போட்டிகளில் இவ்வணிகள் பங்கேற்று வந்துள்ளன.

5. தேசியப் பயிற்சி முகாம்: பெங்களூரிலுள்ள இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்தில் தேசிய முகாம் நடைபெறுகிறது. இந்திய அணி முகாமில் உள்ளவர்களிலிருந்தே தெரிவு செய்யப்படுகிறது.

உள்ளூர்ப் போட்டிகளின் பங்கு

கோவில்பட்டியில் நடத்தப்படும் இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முன்னணி அணிகளை இந்நகருக்கு அழைத்து வருகிறது. தென்மாவட்டச் சிறுவர்கள் முன்னணி வீரர்களின் ஆட்டத்தை அருகிலிருந்து காண்பதற்கு இது வாய்ப்பளிக்கிறது. ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் பந்து இல்லாத வேளையில் எங்கு நிற்கிறார், எதிரணி பந்தைப் பெற்றவுடன் நடுக்கள வீரர்கள் எவ்வாறு இடம் மாறுகின்றனர் என்பன போன்றவற்றைத் தொலைக்காட்சியில் முழுமையாகக் காண இயலாது. மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து காண்பதே சிறந்த பயிற்சியாகும்.

2022 ஆசியக் கோப்பை

2022 மே மாதம் இந்தோனேசியத் தலைநகர் சகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இந்தியா இப்போட்டிக்கு மூத்த வீரர்கள் பலருக்கு ஓய்வளித்து, பெரும்பாலும் புதியவர்களைக் கொண்ட அணியை அனுப்பியது. பீரேந்திர லக்ரா தலைவராகவும் சர்தார் சிங் பயிற்றுநராகவும் இருந்தனர். இவ்வணியில் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் இடம்பெற்றனர்.

மே 23 அன்று பாகித்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் 9ஆவது நிமிடத்தில் இந்தியாவின் கோலை கார்த்தி செல்வம் அடித்தார். இறுதி நேரத்தில் பாகித்தான் சமன் செய்ததால் ஆட்டம் 1-1 என முடிந்தது. அடுத்த சுற்றுக்குச் செல்ல இந்தோனேசியாவைக் குறைந்தது 15 கோல் வேறுபாட்டில் வெல்ல வேண்டிய நிலையில் இந்தியா 16-0 என வென்றது. பின்னர் சப்பானை 1-0 எனத் தோற்கடித்து வெண்கலப் பதக்கம் பெற்றது.

2023 ஆகத்து மாதம் சென்னை மேயர் இராதாகிருட்டிணன் விளையாட்டரங்கில் ஆசிய வாகையர் கோப்பை நடைபெற்றபோதும் கார்த்தி செல்வம் இந்திய அணியில் ஆடினார். லீக் சுற்றில் மலேசியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

முதன்மை அணிக்கு முந்தைய படி

இளம் வீரர் ஒருவரை நேரடியாக முதன்மை அணியில் சேர்ப்பதைவிட, அதற்கு அடுத்த நிலையிலுள்ள அணியில் தொடர்ந்து ஆடவைத்துப் பின்னர் உயர்த்துவதே பல நாடுகளில் பின்பற்றப்படும் முறையாகும். வட அமெரிக்கப் பனி வளைதடிப் பந்தாட்டத்தில் இது தெளிவான அமைப்பாக உள்ளது. அங்கு தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பின் 32 அணிகளுக்கும் அமெரிக்க ஹாக்கிக் கூட்டமைப்பில் ஒவ்வோர் இணைப்பு அணி உண்டு. முதன்மை அணியில் ஒருவர் காயமுற்றால் இணைப்பு அணியிலிருந்து ஓர் இளம் வீரர் அழைக்கப்படுகிறார். அவர் அதுவரை வாரந்தோறும் ஆடி வந்திருப்பதால் ஆட்டத் தகுதியுடன் இருக்கிறார். முதன்மை அணியில் மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருப்பதைவிடக் கீழ்நிலை அணியில் முழு ஆட்டமும் ஆடுவது இளையவருக்குப் பயன் தரும் என்பதே இம்முறையின் அடிப்படையாகும்.

இந்திய ஹாக்கியில் இத்தகைய நேரடி இணைப்பு இல்லை. எனினும் அண்மைக் காலத்தில் இரு மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன. முதலாவதாக, 2025 முதல் தேசிய முதியோர் போட்டி மூன்று பிரிவுகளாக நடத்தப்பட்டு, அணிகள் ஆட்டத் திறனுக்கேற்பப் பிரிவு உயர்வதும் தாழ்வதும் நடைமுறைக்கு வந்தது. இதனால் சமபலம் கொண்ட அணிகள் மோதுகின்றன. பெரும் கோல் வேறுபாட்டில் முடியும் ஆட்டங்களால் இளையவர்கள் கற்பது குறைவு. இரண்டாவதாக, 2017இற்குப் பின் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 திசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒவ்வோர் அணியிலும் இருந்த 24 வீரர்களுள் நால்வர் இந்திய இளையோராக இருக்க வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது. இதில் பங்கேற்ற தமிழ்நாடு டிராகன்சு அணியில் கார்த்தி செல்வம் இடம்பெற்றார். அதே பருவத்தில் முதன்முறையாக நடைபெற்ற மகளிர் லீக்கில் நான்கு அணிகள் பங்கேற்றன. அவற்றுள் தமிழ்நாட்டு அணி எதுவும் இல்லை.

இடர்ப்பாடுகள்

விடுதியில் சேரும் மாணவர்களுள் மிகச் சிலரே தேசிய முகாமை அடைய முடியும். ஓர் அணியில் 11 பேர் மட்டுமே களமிறங்குகின்றனர் என்பதால் இது தவிர்க்க இயலாதது. எனவே ஒரு பயிற்சி முறையின் தரத்தை, அது உருவாக்கிய இந்திய வீரர்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. ஏனைய மாணவர்கள் என்னவாகின்றனர் என்பதும் கருதத்தக்கது.

குறிப்பாகப் பள்ளி முடிந்து வேலை கிடைக்கும் வரையிலான காலமே மிகக் கடினமானது. 18 முதல் 22 வயது வரை உடல் வலிமையும் ஆட்ட அறிவும் ஒருங்கே வளரும். ஆனால் எளிய குடும்பத்து இளைஞர் ஒருவர் வருமானம் ஈட்ட வேண்டிய கட்டாயம் ஏற்படுவதும் இதே காலத்தில்தான். நிறுவன அணிகளில் ஆளெடுப்பு குறையும்போது பலர் விளையாட்டைக் கைவிடுகின்றனர். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு வழங்கப்படும் 3 விழுக்காடு இடஒதுக்கீடும் கல்லூரிச் சேர்க்கையிலுள்ள விளையாட்டுப் பிரிவு இடங்களும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன.

தொலைவு மற்றோர் இடர்ப்பாடாகும். சான்றாக, நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே செல்ல வேண்டும். இத்தகைய மலைப்பகுதிச் சிறுவர் ஒருவர் செயற்கைத் தரையில் நாள்தோறும் பயிற்சி பெற வேண்டுமாயின் வீட்டை விட்டு விடுதியில் தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெற்றோரைப் பிரிவது எல்லோருக்கும் எளிதன்று. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் பயின்று இந்திய அணியை அடைந்தது, விடுதி முறையால் இத்தொலைவைக் கடக்க இயலும் என்பதற்குச் சான்றாகும்.

அண்மைய நிலை

2025 நவம்பர் 28 முதல் திசம்பர் 10 வரை ஆடவர் இளையோர் உலகக் கோப்பைப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்ற இப்போட்டியில் செருமனி இறுதியாட்டத்தில் எசுப்பானியாவை வென்றது. அர்ச்சென்டினாவைத் தோற்கடித்த இந்தியா வெண்கலம் பெற்றது. இப்போட்டிக்கென மதுரையில் பன்னாட்டுத் தரத்திலான ஹாக்கி அரங்கம் அமைக்கப்பட்டது. கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவே உள்ளது. இதனால் தென்மாவட்ட இளையோருக்குப் பன்னாட்டுத் தரம் கொண்ட மற்றொரு செயற்கைத் தரை எட்டும் தொலைவில் அமைந்துள்ளது.