இடம் மாறிய இயந்திரம்

பெரும்பாலான கார்களின் முன்மூடியைத் திறந்தால் இயந்திரம் கண்ணில் படும். அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டுக் காரான கோர்வெட்டும் 1953ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 66 ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. நீண்ட மூக்கு, அதனுள்ளே பெரிய இயந்திரம், அதற்குப் பின்னால் இரண்டே இருக்கைகள். 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான எட்டாம் தலைமுறைக் கோர்வெட்டில் அந்த மூக்கு குறுகிவிட்டது. முன்மூடிக்கு அடியில் ஒரு சிறிய பயணப்பெட்டியை வைக்கும் அளவுக்கு இடம் மட்டுமே இருந்தது. இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால் போய் அமர்ந்துகொண்டது.

இதனை நடு இயந்திர அமைப்பு என்பர். இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தாலும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் இருப்பதால் இப்பெயர் வந்தது.

ஒரு பொருளை அங்கிருந்து இங்கு நகர்த்துவதால் அப்படி என்ன நன்மை விளைந்துவிடும்? சிலம்பக் கம்பைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகள் உள்ளன. ஒன்றின் இரு முனைகளிலும் எடை கட்டப்பட்டுள்ளது. மற்றொன்றில் அதே எடை நடுவில், கை பிடிக்கும் இடத்திற்கு அருகில் கட்டப்பட்டுள்ளது. மொத்த எடையில் வேறுபாடு இல்லை. ஆயினும், சுற்றிப் பார்த்தால் இரண்டாவது கம்பு கை சொன்னபடி உடனே திரும்பும். முதலாவது கம்பு திரும்பத் தயங்கும். திரும்பிவிட்டால் நிற்கவும் தயங்கும். காரிலுள்ள மிகக் கனமான பாகங்களுள் ஒன்று இயந்திரம். அது நடுப்பகுதியை நெருங்க நெருங்க, வளைவுகளில் கார் விரைந்து திரும்புகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எளிதாகத் திரும்பும் கார், பிடி நழுவினால் எளிதாகச் சுழன்றும்விடும். அதனால்தான் இத்தகைய கார்களைத் திறமையான ஓட்டுநர்கள்கூட மதிப்போடு கையாள்கின்றனர்.

இரண்டாவது நன்மை பின்சக்கரங்களைச் சார்ந்தது. ஏழாம் தலைமுறைக் கோர்வெட்டின் எடை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பகிரப்பட்டிருந்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த பங்கீடு இல்லை என்றே தோன்றும். ஆனால், காரைத் தள்ளும் வேலையைப் பின்சக்கரங்களே செய்தன. அவற்றின்மீது போதிய எடை அழுத்தவில்லை என்றால் டயர்கள் தரையைப் பற்றிக்கொள்ளாமல் வீணாகச் சுழலும். அத்தலைமுறையின் கடைசி ஆண்டுகளில் வந்த ஒரு வகையின் ஆற்றல் 755 குதிரைத்திறன். அவ்வளவு ஆற்றலையும் தரைக்குக் கொண்டு செல்ல டயர்கள் திணறின. இனி இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டிப் பயனில்லை; அதன் இடத்தை மாற்றியாக வேண்டும் என்ற நிலைக்குப் பொறியாளர்கள் வந்து சேர்ந்தனர். புதிய காரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு எடை பின்பக்கம் உள்ளது. 490 குதிரைத்திறன் கொண்ட அதன் அடிப்படை வகையே, உரிய கூடுதல் பாகங்களைப் பொருத்தினால், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடிக்குள் எட்டிவிடுகிறது.

பந்தய உலகம் இந்த உண்மையை வெகு காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது. 1958ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஸ்டெர்லிங் மோஸ் என்பவர் இயந்திரம் பின்னால் பொருத்தப்பட்ட ஒரு சிறிய கூப்பர் காரை ஓட்டி, பெரிய கார்களை வென்றார். அடுத்த ஆண்டு கூப்பர் காரை ஓட்டிய ஜாக் பிராபம் உலக வெற்றியாளரானார். சில ஆண்டுகளிலேயே முன் இயந்திரக் கார்கள் அப்பந்தயத்திலிருந்து மறைந்தன.

அப்படியிருக்க, கோர்வெட் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தது? கேட்காமல் இருந்ததால் அன்று. சோரா ஆர்க்கஸ் டன்டாவ் என்ற பொறியாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1953இல் நியூயார்க் கண்காட்சியில் முதல் கோர்வெட்டைக் கண்டு மயங்கி, அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். காரை உருவாக்கியவர் அல்லர் என்றாலும், அதனை உண்மையான விளையாட்டுக் காராக வளர்த்தெடுத்தவர் என்பதால் கோர்வெட்டின் தந்தை என்றே அழைக்கப்படுகிறார். 1957ஆம் ஆண்டு செப்ரிங் பந்தயத்தில் அவருடைய குழுவின் கார் 23 சுற்றுகளோடு நின்றுபோனது. முன்னாலிருந்த இயந்திரத்தின் வெப்பம் ஓட்டுநரை வாட்டி எடுத்தது. இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்ற எண்ணத்தை அந்த அனுபவம் அவருள் வலுப்படுத்தியது.

அதன்பின் அவர் நடு இயந்திரம் கொண்ட சோதனைக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கினார். 1970இல் ஒன்று நியூயார்க் கண்காட்சியிலும் வைக்கப்பட்டது. மக்கள் வியந்தனர். நிறுவனம் மட்டும் இசையவில்லை. அதன் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய அமைப்பு நன்றாக விற்பனையானது. புதியதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும். டன்டாவ் 1975இல் ஓய்வு பெற்றார்.

செலவு ஏன் அவ்வளவு கூடுகிறது என்பது 2019இல் வந்த காரைப் பார்த்தால் புரியும். இயந்திரம் இடம் மாறியதும் அதைச் சுற்றியிருந்த எல்லாமே இடம் மாற வேண்டியிருந்தது. ஓட்டுநரின் இருக்கை ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்தது. இயந்திரத்திற்குக் காற்று செல்லக் காரின் பக்கவாட்டில் பெரிய திறப்புகள் வேண்டியிருந்தன. குளிர்விக்கும் கருவிகளோ காரின் முன்பகுதியில் வைக்கப்பட்டன. ஓட்டுநரின் காதுக்குப் பின்னாலேயே இயந்திரம் முழங்குவதால், இடையில் தடித்த கண்ணாடி பொருத்தப்பட்டது. பின்புறப் பார்வை குறைந்ததால், கேமரா காட்சியைக் காட்டும் பின்னோக்குக் கண்ணாடியும் சில வகைகளில் இடம்பெற்றது. பழைய வாடிக்கையாளர்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்றும் இருந்தது. குழிப்பந்துப் பைகள் இரண்டை வைக்கும் இடம் அது! இயந்திரத்திற்குப் பின்னால் அதற்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

இழப்பும் இருந்தது. காலால் கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வசதி இந்தக் காரில் இல்லை. அப்பணியைத் தானியங்கிப் பெட்டியே செய்கிறது. அந்த அனுபவத்திற்காகவே கோர்வெட்டை நேசித்தவர்களுக்கு இது பெருங்குறையாகப்பட்டது. அவர்களின் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

புதிய அமைப்பை இரகசியமாகச் சோதிக்கப் பொறியாளர்கள் செய்த வேலை சுவையானது. முதல் சோதனை வாகனத்திற்கு ஆஸ்திரேலிய ஹோல்டன் நிறுவனத்தின் சிறு சரக்கு வாகனத்தைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்தனர். அதனைக் காண்பவர் எவரும் உள்ளே ஒரு விளையாட்டுக் கார் ஒளிந்திருப்பதாக ஐயுறமாட்டார் அல்லவா?

கோர்வெட் கார்கள் இன்று கென்டக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் நகரில் தயாரிக்கப்படுகின்றன. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காக, வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட கோர்வெட்டுகளும் முதன்முறையாக அங்கு உருவாயின. ஆலைக்கு அருகிலேயே கோர்வெட் அரும்பொருளகம் உள்ளது. 1996இல் தமது 86ஆம் வயதில் காலமான டன்டாவின் அஸ்தி அங்குதான் வைக்கப்பட்டுள்ளது.