கம்பி வழியே வந்த மின்சாரம்

ஊரே இருட்டில் கிடக்கும்போதும் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். அந்தப் போன் வீட்டு மின்சாரத்தை நம்பி இருந்ததில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரிகளிலிருந்து ஏறக்குறைய 50 வோல்ட் மின்சாரம், பேச்சைக் கொண்டுவரும் அதே செம்புக் கம்பியில் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. எக்ஸ்சேஞ்சில் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், அது தீர்வதற்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். பிரிட்டனில் இந்தச் சேவை 2027 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிற்கப்போகிறது. அதன்பின் போன் ஒயரை ரவுட்டரில் செருக வேண்டும், பேச்சு இன்டர்நெட் வழியாகப் போகும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், அதோடு போனும் ஊமையாகும். நூறாண்டுக்கு மேலாக போன் நிறுவனம் சுமந்த ஒரு பொறுப்பு, பெரிய விவாதம் எதுவுமில்லாமல் வீட்டுக்காரர் தலையில் இறங்குகிறது. மாற்றம் வரட்டும், அந்தப் பொறுப்பு மட்டும் நிறுவனங்களிடமே இருக்க வேண்டும்.

மாற்றமே வேண்டாம் என்று வாதாடுவதில் பொருளில்லை. பிரிட்டனில் இன்றும் ஓடும் எக்ஸ்சேஞ்சுகள் பல 1980-களின் தொழில்நுட்பம். உதிரிபாகம் கிடைப்பதில்லை, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் புதிய அனலாக் இணைப்பு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் பழைய கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கரண்ட் இருக்கும் நாளில்கூட அது கைவிட்டுவிடும்.

சிக்கல் எங்கே என்று பார்க்க, அந்நாட்டில் தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் தொங்கும் சிறிய பொத்தானைக் கவனித்தால் போதும். கீழே விழுந்தவர் அதை அழுத்தினால், போன் லைனில் இணைத்த பெட்டி ஒன்று தானே கண்காணிப்பு மையத்தை அழைக்கும். யார் அழைக்கிறார், என்ன அவசரம் என்பதைப் பெட்டி சில ஒலிகளாக அனுப்பும். மையத்தில் உள்ள கருவி அவற்றைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஒருவர் பேசத் தொடங்குவார். இன்டர்நெட் வழியில் ஒலி சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, சற்றுத் தாமதித்துப் போய்ச் சேர்கிறது. மனிதக் காது அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. செம்புக் கம்பிக்கென்று செய்த பெட்டிக்கு அது பெரிய வேறுபாடு: அழைப்பு போனாலும் செய்தி போகாமல் நின்றுவிடலாம். இத்தகைய கருவிகளை நம்பியிருப்பவர்கள் அங்கே சுமார் 18 லட்சம் பேர். மாற்றத்துக்குப் பிறகு பொத்தான் வேலை செய்யாமல் போன மோசமான சம்பவங்கள் நடந்தன. அதன்பிறகே, 2023 டிசம்பரில், அவர்களைப் பாதுகாக்க எல்லா ஏற்பாடும் செய்யாமல் யாரையும் வலுக்கட்டாயமாக மாற்றுவதில்லை என்று நிறுவனங்கள் அரசிடம் எழுதிக் கொடுத்தன. 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவும் 2027-க்குத் தள்ளிப்போனது. இவர்களை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்வியை முதல் வீட்டை மாற்றும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

மின்தடைக்கு விதி இருக்கிறது. லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் கரண்ட் இல்லாதபோதும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வழி செய்துதர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இல் சொன்னது. அந்த வழி இலவசமாகவும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் எதற்குப் போதும்? 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வீசியபோது சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் போனது. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஏற்பாட்டுக்கு முயல்வோம் என்று நிறுவனங்களே அந்த 2023 உறுதிமொழியில் சேர்த்திருக்கின்றன. விதியின் அளவு போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எல்லோர் கையிலும் மொபைல் இருக்கிறதே என்பார்கள். மலைப்பாங்கான கிராமங்களில், தடித்த கல்சுவர் வீடுகளுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. மேலும் மொபைல் கோபுரமும் கரண்டில்தான் ஓடுகிறது. வீட்டை இருட்டாக்கும் புயல் அதையும் விட்டுவைப்பதில்லை. கார்ட்லெஸ் போன் வைத்திருந்தவர்களுக்கு மின்தடையில் முன்பும் போன் இல்லையே என்பது இதைவிட வலுவான வாதம். உண்மைதான். ஆனால் அவர்கள் விலை குறைந்த ஒரு ஒயர் போனை வாங்கிச் செருகினால் போதும், லைன் உயிரோடு இருந்தது. இனி எந்தப் போனை வாங்கினாலும் பலனில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துப் பேட்டரி வேண்டும். அந்தச் செலவைக் கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களும்தானே சுமப்பார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிரிட்டனில் சுமார் 5,600 எக்ஸ்சேஞ்சுகள் உள்ளன. ஏறக்குறைய ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுவதுதான் திட்டம். அத்தனை கட்டடங்களின் வாடகையும் மின்கட்டணமும் மிச்சமாகும், பிடுங்கிய செம்பு விலைக்குப் போகும். வீட்டுக்கு வீடு பேட்டரி கொடுக்கச் சொல்லவில்லை. மொபைல் சிக்னல் இல்லாத வீடுகளுக்கும், உயிர்காக்கும் பொத்தானை அணிந்தவர்களுக்கும் ஒரு முழுநாள் தாங்கும் பேட்டரியைத் தர அந்த மிச்சத்தில் ஒரு பங்கு போதாதா?

பணத்தைவிட அக்கறை கேட்கும் வேலையும் ஒன்று உண்டு. யார் வீட்டில் அந்தப் பொத்தான் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் போன் நிறுவனங்களிடம் இல்லை. உள்ளாட்சி அமைப்புகளிடமும் கண்காணிப்பு மையங்களிடமும் சிதறிக் கிடக்கிறது. அந்த விவரங்களை ஒன்றுசேர்த்தால்தான் அவர்களைத் தேடிப் போக முடியும். கடிதம் அனுப்பிவிட்டோம் என்பது எண்பது வயதுக்காரரிடம் செல்லாது. ஆள் நேரில் போக வேண்டும், இணைப்பை மாற்ற வேண்டும், பிறகு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த முதியவரையே பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஒருவர் அவர் பெயரைச் சொல்லிப் பேசிய பிறகே செம்புக் கம்பியைத் துண்டிக்கலாம்.